குதிரையின் தோளருகே

கல்முனைக் கரையோரத்துச் சிறுவர்க்குக் கடலும் கன்றும் பழக்கம், குதிரை பழக்கமன்று. சாய்ந்தமருது, நிந்தவூர் வீதிகளிலே மாடுகள் மனம்போலத் திரியும். மேற்கே சம்மாந்துறை வயல்வெளிகளில் எருமைகள் சேற்றிலே கிடந்து சுகம் காணும். குதிரையோ பாடப் புத்தகத்துப் படத்தில் மட்டுமே நிற்பது. ஆகவே, பாடசாலை விடுமுறைக்கு நுவரெலியா செல்வதென நாம் தீர்மானித்தபோது, எம் ஆறு வயது மகள் கேட்டது ஒன்றுதான்: "அங்க மெய்யான குதிரை இருக்குமா வாப்பா?"

சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். அம்பாறை, பதுளை வழியாகப் பயணம். நெல்வயல் மறைந்து காடு வந்தது. காடு மறைந்து தேயிலை வந்தது. காலையிலே கடல் மட்டத்தில் இருந்த நாம், மாலையில் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலே குளிரில் நடுங்கி நின்றோம்.

மறுநாள் கிரகரி வாவிக்குச் சென்றோம். தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட வாவி அது. அதன் கரையிலே சிறுவரை ஏற்றிச் செல்லும் குதிரைகள் நிற்கின்றன. மகள் கபில நிறக் குதிரையொன்றைக் கண்டு ஓடினாள். அது தலையை வெடுக்கெனத் தூக்கிப் பின்வாங்கியது. அவளும் அலறி எம் பின்னே ஒளிந்தாள்.

குதிரைக்காரர் சிரித்தார். "பாப்பா, அதுவும் பயந்துருச்சு. நேரா வராதீங்க, தோள் பக்கமா வாங்க" என்றார். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு புறமும் உள்ளன. சுற்றிலும் பெரும்பாலும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் தெரியாது. பகையைக் கண்டால் ஓடிப் பிழைத்த இனமாதலால், திடீரென நீளும் கை சிறு கையாயினும் அதற்கு அச்சமே. புல்லை விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டவும் அவர் கற்பித்தார். விரல் மடங்கியிருந்தால் தவறிக் கடிபடும். குதிரை மூச்சு விட்டு, உதடுகளால் மெல்லப் புல்லை எடுத்தது. மகளின் முகம் மலர்ந்தது.

இளம்பிள்ளை வாதத்தால் கால் வலுவிழந்த டென்மார்க்குப் பெண்மணி லிஸ் ஹார்ட்டெல், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்திலே வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவரது வெற்றிக்குப் பின்னர், உடல் நலிவுற்ற சிறுவரைக் குதிரையேற்றிப் பயிற்றும் முறை பல நாடுகளிலே வளர்ந்தது. குதிரையின் நடை, ஏறியிருப்பவரின் இடுப்பை மனித நடை போலவே அசைக்கின்றதாம். இத்துணை நன்மை செய்யும் பிராணிக்கு நாம் செய்வதென்ன?

இவ்வினாவை எழுப்பியவள் மகளே. பணம் கொடுத்தாயிற்று, அவளைத் தூக்கி அமர்த்தும் வேளை. சேணத்து வார் உராய்ந்து தோல் கன்றிச் சிவந்திருந்த இடத்தை அவள் கண்டுவிட்டாள்.

"வாப்பா, இதுக்கு நோகாதா?"

நாம் விடை கூறவில்லை. அவள் ஏறவுமில்லை. குதிரையின் தோளோடு சேர்ந்து வாவிக்கரையிலே சிறிது தூரம் நடந்தாள். அவளது குறு நடைக்கேற்ப அதுவும் மெதுவாக நடந்தது. குதிரைக்காரர் அன்றே அவ்விடத்திற்கு மருந்து பூசுவதாக அவளிடம் வாக்களித்தார்.

ஊர் திரும்பிய மறுநாள், எம் வாசலை மறித்து ஒரு மாடு நின்றது. வழக்கம்போல விரட்டுவதற்காக மோட்டார் வண்டியின் ஹோர்னில் கை வைத்தோம். அதற்குள் மகள் இறங்கிவிட்டாள். மாட்டைக் கண்டால் முன்பு உள்ளே ஓடுபவள், அதன் தோளருகே சென்று, விரித்த உள்ளங்கையிலே புல்லை நீட்டினாள். மாடு அவளைத் தொடர்ந்து ஓரமாகச் சென்றது. நாம் ஹோர்னிலிருந்து கையை எடுத்துக்கொண்டோம்.