கொட்டை பொறுக்கும், தூள் பொறுக்காது

செஞ்சியில் மூட்டை பிரிப்பது எல்லோரும் அறிந்த வேலை. அறுவடை முடிந்தால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகள் மலைபோல் ஏறும். வியாபாரிகள் குத்தூசியை மூட்டைக்குள் செருகி ஒரு பிடி நெல்லை உருவுவார்கள், உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு அரிசியைக் கடித்துப் பார்ப்பார்கள். இங்குள்ள ராஜகிரிக் கோட்டைக்குள்ளும் தடித்த சுவர்களோடு ஒரு பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. 1690இல் தொடங்கி 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தபோது உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடித்ததில் மதிலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு சேமித்த தானியத்துக்கும் உண்டு. தானியத்தைக் கெடாமல் வைக்கத் தெரிந்த ஊரில், காப்பியைக் கெடாமல் வைக்கத் தெரிந்தவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஒரு காப்பி அரைவைக் கடைக்குப் போனேன்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையை ஒட்டிய கடை. முன்னால் தராசும் அரைவை இயந்திரமும். இடுக்கு வழியாகப் பின்பக்கம் போனால் தகரக் கொட்டகை, அதில் வறுவல் டிரம். மூன்று பேர் வேலை செய்கிறார்கள். வறுவலைப் பார்ப்பவர் அறுபதை நெருங்கியவர், எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. கொட்டை பொறுக்க ஓர் அம்மா. அரைவையில் ஓர் இளைஞர்.

அன்று காலை ஒரு புது மூட்டையைப் பிரித்தார்கள். கத்தியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். மேஸ்திரி எடுக்கவில்லை. மூட்டை வாயின் இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்து, ஒரு முனையில் முடிச்சை மட்டும் அவிழ்த்து நூலை இழுத்தார். தையல் முழுவதும் ஒரே மூச்சில் சரசரவென்று பிரிந்து வந்தது. இயந்திரத்தில் போட்ட சங்கிலித் தையல் ஒரு பக்கத்திலிருந்துதான் அவிழும். மறுமுனையில் இழுத்தால் இறுகிக்கொள்ளும். "கத்தி வச்சா சணல் தும்பு கொட்டையில விழும் சார். டிரம்முல போய்க் கருகும். அந்த நாத்தம் மொத்த வறுவலுக்கும் ஏறிடும்" என்றார்.

சணலைப் பற்றி அவர் சொன்னதற்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. சாதாரணச் சாக்கு நெய்யும்போது நாரை மிருதுவாக்க பெட்ரோலிய வகை தாது எண்ணெய்களைச் சேர்ப்பது வழக்கம். காப்பிக் கொட்டை அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் காப்பி, கொக்கோ போன்றவற்றுக்குத் தாவர எண்ணெய் சேர்த்து நெய்த தனிச் சாக்குகள் வந்தன. உலகச் சந்தையில் காப்பியைக் கணக்கிடுவதே 60 கிலோ மூட்டையில்தான். அந்த மூட்டை வெறும் உறை இல்லை. கொட்டை மாதக்கணக்கில் குடியிருக்கும் வீடு அது.

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு நடுக் கொட்டையை எடுத்தார். மேலே இருப்பதை அவர் நம்புவதில்லை. ஒன்றைப் பல்லில் வைத்தார். நன்றாகக் காய்ந்த பச்சைக் கொட்டையில் பல் பதியாது. பதிந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. சுமார் 11 விழுக்காடு ஈரம் இருக்கும்வரை பச்சைக் கொட்டை பல மாதங்கள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் பூசணம். ஐப்பசி மழையில் இந்தக் கடையில் மூட்டைகள் மரச்சட்டத்தின் மேல் ஏறி, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நிற்கும் என்றார் பொறுக்கும் அம்மா. ஈரத்தையே வேலைக்காரனாக்கியவர்களும் உண்டு. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று படும்படி கொட்டையைப் பரப்பி, உப்பி வெளுக்க வைத்து 'மான்சூன்டு மலபார்' என்று விற்கிறார்கள். அது வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டிக் கவனித்துச் செய்கிற வேலை. செஞ்சியில் தானாக ஏறும் ஈரம் கெடுக்கத்தான் செய்யும்.

அந்த அம்மா முறத்தில் கொட்டையைப் பரப்பி, கறுத்தது, துளை விழுந்தது, உடைந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. ஒரு கறுப்புக் கொட்டையை என் கையில் வைத்து, "இது ஒண்ணு போனா ஒரு டம்ளர் காப்பி போச்சு" என்றார். தோட்டத்திலேயே தரம் பிரித்துத்தான் மூட்டை வருகிறது. ஆனாலும் அவர் முறத்தில் விழாமல் எதுவும் டிரம்முக்குப் போவதில்லை. கடையின் பெயர்ப் பலகையில் எழுத வேண்டிய உழைப்பு இது என்று எனக்குத் தோன்றியது.

இங்கே வருவதில் பெரும்பகுதி கர்நாடகக் கொட்டை. நாட்டின் விளைச்சலில் சுமார் 70 விழுக்காடு அங்கேதான். சேர்வராயன் மலைக் கொட்டையும் எப்போதாவது கிடைக்கும் என்றார் மேஸ்திரி. அந்த மலையிலுள்ள ஏற்காட்டில் காப்பி வைத்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் தொடங்கியது. மேஸ்திரி இளைஞராக வேலைக்கு வந்தபோது தோட்டக்காரர் யாரும் நேரடியாக விற்க முடியாது. 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைந்ததெல்லாம் காப்பி வாரியத்தின் பொதுக் கிடங்குக்குப் போய், பெரும்பாலும் ஏலத்தில்தான் வெளியே வரும். 1990களில் அந்தக் கட்டு தளர்ந்தது. "அப்ப மூட்டை எப்ப அறுவடை ஆனதுன்னே தெரியாது. இப்ப போன் போட்டுக் கேக்கறேன்" என்றார்.

டிரம் சுழலத் தொடங்கியதும் பேச்சு நின்றது. முதலில் புல் காயும் வாசனை, பிறகு ரொட்டி வாசனை. சூடு 200 டிகிரியைத் தொடும் நேரத்தில் கொட்டைகள் படபடவென்று வெடித்தன. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சிறு கரண்டியால் மாதிரி எடுத்து, தகரத்தின் இடுக்கில் விழும் வெயிலில் நிறம் பார்த்து, சட்டென்று டிரம்மின் வாயைத் திறந்து தட்டில் கொட்டினார். அடியில் விசிறி ஓட, துடுப்பால் இடைவிடாமல் துழாவினார். போட்ட 10 கிலோவில் எட்டு, எட்டரைதான் மிஞ்சும். மீதி நீராகவும் வாயுவாகவும் போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டச் சூட்டோடு தண்ணீர் தெளிக்கும் பழக்கம் தொழிலில் உண்டு. இவர் செய்வதில்லை. "தண்ணி தெளிச்சா எடை ஏறும், ஆயுசு குறையும்."

ஆறியதும் மூடுவார் என்று நினைத்தால், கொட்டையை அகலமான டின்னில் கொட்டி மூடியைத் தளர்வாக வைத்தார். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைந்து கிடக்கிறது. அது நாள்கணக்கில் மெல்ல வெளியேறும். உடனே இறுக்கி அடைத்தால் உறை உப்பிவிடும், சில சமயம் வெடித்தே விடும். இந்தச் சிக்கலோடு உலகம் நெடுங்காலம் போராடியிருக்கிறது. 1900இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் காற்றை உறிஞ்சிய டின்னில் காப்பியை அடைத்தார்கள். அப்படி அடைப்பதற்கும் வாயு கொஞ்சம் போகும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்திலேயே மணமும் போகும். பிறகு இத்தாலியின் கோலியோ நிறுவனம் ஒருவழி வால்வைக் கொண்டுவந்தது. இன்று விலை உயர்ந்த காப்பிப் பைகளின் நெற்றியில் பொட்டளவு துளையாகத் தெரிவது அதுதான். உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் கத்தரிக்கோல் பட்ட நொடியோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு காப்பி நம் கையில்தான் இருக்கிறது, பையின் கையில் இல்லை.

முன்பக்கம் இளைஞர் அரைவையைத் தொடங்குமுன் ஒரு பிடி கொட்டையைப் போட்டு ஓட்டி, வந்த தூளைத் தனியே ஒதுக்கினார். நேற்றைய தூள் இயந்திரத்தின் பற்களுக்கிடையே தங்கியிருக்கும். அதில் எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கும். அடுத்து வருபவருக்கு அது போகக்கூடாது. அரைத்த தூளைத் தொட்டுப் பார்த்தேன், கை பொறுக்கும் சூடு. அதைத் தட்டில் விரித்து ஆறவிட்டுத்தான் பொட்டலம் கட்டினார். பேருந்தைப் பிடிக்க ஓடும் வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் அவர் அசையவில்லை. சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும்.

வறுத்துப் பல நாளானது, நேற்று வறுத்தது, இன்று அரைத்தது எல்லாவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மேஸ்திரி விற்பனைக் கூடம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். "பச்சைக் கொட்டை நெல்லு சார், வருசம் தாங்கும். வறுத்தது அரிசி. அரைச்சிட்டா சோறு. சோத்தை யாராவது பத்தாயத்துல கொட்டி வைப்பாங்களா?"

காப்பியைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடத் தெளிவான பேச்சு இல்லை. வேதியியலும் இதையே சொல்கிறது. அரைத்ததும் காற்றுப் படும் பரப்பு பல மடங்காகிறது. காவல் காத்த வாயுவில் கணிசமான பகுதி சில நிமிடங்களிலேயே பறந்துவிடுகிறது, அந்த இடத்தில் ஆக்சிஜன் புகுந்து மணப்பொருள்களையும் எண்ணெயையும் சிதைக்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் இப்படிப்பட்ட வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். சித்திரை வெயிலில் பாறை மலைகள் சூழ்ந்த செஞ்சிக்கு ஏற்காட்டு வீட்டின் கணக்கு செல்லாது. சிக்கரி கலந்தால் இன்னும் ஒரு தொல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அந்த வரம்பு வரை சிக்கரி கேட்பவருக்கு நூறு கிராமுக்கு மேல் தர இந்தக் கடையில் தயங்குகிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் நாம் செய்வதில்லை. அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரியில் காப்பி டப்பாவை வைக்கிறோம், சமையலறையிலேயே சூடான இடம் அது. ஈரக் கரண்டியை விடுகிறோம். அழகுக்காகக் கண்ணாடி ஜாடியில் போட்டு வெளிச்சத்தில் நிறுத்துகிறோம். கால் கிலோ தூளை ஒரு கிலோ டப்பாவில் கொட்டுகிறோம், மீதி முக்கால் டப்பாவும் காற்று. இறுக மூடும் சிறிய எவர்சில்வர் சம்படம் போதும். பொட்டலத்தோடு உள்ளே வைத்து, எடுக்கும்போதெல்லாம் உறையின் மேல்பகுதியை மடித்துக் காற்றை வெளியே தள்ளினால் இன்னும் நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு காப்பிக்கு ஆகாது. நேற்றைய சாம்பாரின் வாடையும் ஏறும், வெளியே எடுக்கும்போதெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வற்புறுத்துவது ஒன்று: குறைவாக வாங்குங்கள். தெருமுனையில் அரைத்துத் தரும் கடை இருக்கும் ஊரில் மாதத் தேவையை ஒரே நாளில் வாங்குவது, கிணற்றடியில் குடியிருந்துகொண்டு தண்ணீரைத் தேக்கி வைப்பதைப் போன்ற வீண் வேலை.

இந்தப் புதுமணத்துக்கு மூன்று பேரின் உடல் ஈடு கொடுக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் இல்லை. வறுத்த கொட்டையும் புதிதாக அரைத்த தூளும் கரியமில வாயுவோடு நச்சான கார்பன் மோனாக்சைடையும் வெளிவிடுகின்றன. அமெரிக்காவில் வறுவல் கூடங்களை ஆராய்ந்தபோது, தொழிலாளர்களின் நுரையீரலைத் தாக்கக்கூடிய டையசிட்டைல் என்ற பொருளும் காற்றில் இருப்பது தெரியவந்தது. மேஸ்திரிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் வறுத்த டின்கள் இருக்கும் அறையில் கதவைச் சாத்தி யாரையும் உட்கார விடமாட்டார். "தலை சுத்தும்" என்பார், அவ்வளவுதான். அரைவை இயந்திரத்தின் முன் நாள் முழுதும் நிற்கும் இளைஞரின் இமைமயிரில்கூடத் தூள் படிந்திருந்தது. கூரையில் ஒரு காற்றிழுக்கும் விசிறி, முகத்துக்கு ஒரு முறையான மூடி: இரண்டும் ஒரு மூட்டைக் கொட்டையின் விலைக்குள் அடங்கும். வாடிக்கையாளர்களாகிய நாம் கலவையின் விகிதத்தைக் கேட்கும் உரிமையோடு இதையும் கேட்கலாம்.

நான் கிளம்பும் நேரத்தில் மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு 1 கிலோ தூள் வேண்டும், மாலை பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். அங்கே கிடைக்காத காப்பியா என்று யாரும் கேட்கவில்லை. மகளுக்கு இந்தக் கடை வறுவல்தான் பிடிக்குமாம். இளைஞர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி முன்னால் வந்து, கொட்டையாகவே தரட்டுமா, மகள் வீட்டில் மிக்ஸி இருக்குமே என்று கேட்டுப் பார்த்தார். அந்த அம்மா ஒப்பவில்லை. சரி என்று அரைத்து, ஆறவைத்து, நான்கு கால் கிலோ உறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டினார்கள். நான்கின் மேலும் பேனாவால் அன்றைய தேதியை எழுதினார் மேஸ்திரி.

"மூணை ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லும்மா. ஒண்ணு தீர்ந்தப்புறம் அடுத்ததை எடுத்து, வெளியே வச்சு, உறையோட குளிர் முழுசா போனப்புறம்தான் பிரிக்கணும். பிரிச்சதைத் திரும்ப உள்ள வைக்கவே கூடாது. இதை மட்டும் போன்ல சொல்லிடு."