கழித்தது போக

மாதம் 175 ரூபாய். அம்மாவுக்கு 100, எனக்கு 75. 1975இல் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட் அப்பாவுக்கு விதித்த ஜீவனாம்சம். எனக்கு அப்போது ஏழு வயது. பதினோரு வருஷம் மணியார்டர் தவறாமல் வந்தது. பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு இடம் விட்டிருப்பார்கள். அப்பா அதில் எதுவும் எழுதியதில்லை. அம்மா கையெழுத்துப் போட்டதும் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகுதான் பணத்தை எண்ணுவாள்.

1986 ஜூலையில் 100தான் வந்தது. துண்டில் முதல் தடவையாக அவர் எழுத்து: 'பையன் மேஜர். 75 கழித்திருக்கிறேன்.' என்னைப் பற்றி அவர் எழுதியதாக என் வசம் இருப்பது இந்த ஒரு வரிதான். அந்த மாதம்தான் பி.ஏ.வில் சேர்ந்தேன். ஃபீஸுக்காக அம்மா தையல் மிஷினை விற்றாள்.

அவர் செய்ததில் சட்டப் பிழை இல்லை என்பது வெகு நாள் கழித்தே தெரிந்தது. 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 125ஆம் பிரிவு, மைனர் குழந்தைக்குத்தான் சோறு போடச் சொன்னது. உடலோ மனமோ குன்றியிருந்தால் மட்டும் அதற்குப் பிறகும். மேஜராகும் நேரத்தைச் சொல்வது 1875ஆம் வருஷத்துச் சட்டம்: பதினெட்டாவது பிறந்த நாள் தொடங்கும்போதே. அதாவது நடுநிசியில், தூக்கத்தில். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத, கல்யாணமாகாத மகளுக்கு 1956ஆம் வருஷத்து இந்துச் சட்டத்தில் இடம் உண்டு. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சொன்னது. மகனுக்கு அதுவும் இல்லை. 2024இல் புதுச் சட்டம் வந்து பிரிவின் எண் 144 ஆயிற்று. வயது மாறவில்லை.

இதோடு எழுந்துபோக முடியவில்லை. எனக்கும் ஒரு மகன் உண்டு, தாயோடு வளர்ந்தவன். அவனுக்கான பணம் மாதம் பிறந்தால் என் பாங்கிலிருந்து தானே போய்விடும். போன வருஷம் அவனுக்கு 18 ஆயிற்று. அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே நான் மனசுக்குள் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பணத்தாசை என்று சொல்ல மாட்டேன். எண்ணுவதற்கு ஒரு கடைசி இருந்தது, எண்ணினேன். அப்பாவும் இப்படித்தான் எண்ணினாரோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அவர் மேல் கோபம் குறையவில்லை. இப்போது அதில் எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பணத்தை நிறுத்தவில்லை. தானே போவதை மட்டும் நிறுத்திவிட்டேன். மாதா மாதம் நானே உட்கார்ந்து அனுப்புகிறேன். குறிப்பு எழுத ஒரு கட்டம் வருகிறது. அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை.