அது யாருடைய தோட்டம்?

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, பீனிக்ஸ் நகரில் வாழும் நம் நாட்டுக் குடும்பம் ஒன்று நம்மைக் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றது. கணவன், மனைவி, இரு குழந்தைகள். அவர்களுடன், மகனைக் காணத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்திருந்த பாட்டியம்மாள். கள்ளிகள் நிறைந்த பாலையில் புறப்பட்டு, நான்கு மணி நேரத்தில் ஊசியிலை மரக் காட்டை அடைந்தோம்.

மலையேறிச் சென்று பள்ளத்தாக்கைக் காண்போம் என்று எண்ணியிருந்தோம். அவ்வாறன்று. சமதரையில் மரங்களினூடே நடந்துகொண்டிருக்கையில் நிலம் திடீரென முடிந்துவிடுகிறது. மேத்தர் முனை எனப்படும் அவ்விடத்தில், கம்பித் தடுப்பைப் பற்றியவாறு சிறிது நேரம் வாயடைத்து நின்றோம். செம்மையும் மஞ்சளும் ஊதாவுமாக அடுக்கடுக்கான பாறைகள். அடிவாரத்தில் நூலிழையாகக் கொலராடோ ஆறு. பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் 1,800 மீட்டருக்கும் மேல். மேற்பரப்புப் பாறைக்கு வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள். அடிப்பாறைக்கு ஏறத்தாழ 170 கோடி. படைப்பின் ஆறு நாள்களை நாட்காட்டி கொண்டு எண்ணுமாறு திருச்சபை நம்மை வற்புறுத்துவதில்லை. ஆகவே கலக்கமின்றியே அந்த எண்களைப் படித்தோம். தொலைவில் கோபுரம்போல் நின்ற சிகரம் ஒன்றின் பெயர் விஷ்ணு கோவில் என்றறிந்து வியந்தோம். டட்டன் என்னும் நிலவியலறிஞர் 1882-ல் வெளியிட்ட நூலில் இட்ட பெயராம்.

இங்கே கண்ணை நம்பலாகாது. 1540-ல் கார்டெனாஸ் என்பாரின் தலைமையில், ஹோப்பி மக்கள் வழிகாட்ட வந்த இஸ்பானிய வீரர்களே இதைக் கண்ட முதல் ஐரோப்பியர். மேலிருந்து ஆள் உயரமாகத் தோன்றிய பாறைகள், இறங்கிப் பார்த்தபோது செவில் நகரத்துப் பேராலயக் கோபுரத்தினும் உயர்ந்திருந்தனவாம். மூவர் முயன்றும் மூன்றிலொரு பங்கு ஆழமே இறங்க முடிந்தது.

இத்தனையும் அறிந்திருந்தும் நாம் ஏமாந்தோம். பிற்பகலில் பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்துக்கு வந்தோம். "மனிதன் கைபடாத ஆலயம் இது!" என்று பிரசங்கத் தொனியில் குழந்தைகளிடம் கூறினோம். பாட்டியம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கீழே உற்று நோக்கினார்.

"சாமி, அந்தா பச்சையாத் தெரியுதே, அது யாரு தோட்டம்?"

பாதையின் கீழே, வறண்ட பாறைகளுக்கிடையே, பச்சைத் துணியைக் கிழித்துப் போட்டாற்போல ஒரு மரக்கூட்டம். "தோட்டமன்று, பாட்டி, தானாக வளர்ந்த மரங்களாயிருக்கும்" என்றோம்.

"ஊத்துத் தண்ணி இருக்கிற இடத்தை யாரு சாமி சும்மா விடுவா?"

மகன் அருகிலிருந்த கடையில் நூலொன்று வாங்கி வந்து, பலகையில் அமர்ந்து அதைப் பார்த்துத் தமிழில் சொன்னார். பாட்டி கூறியதே மெய். விளிம்புக்கு ஏறத்தாழ 900 மீட்டர் கீழே உள்ள அவ்விடத்தில் ஊற்றுகள் உண்டு. நீலப்பச்சை நீரின் மக்கள் எனப் பொருள்படும் ஹவசுபாய் இனத்தார் அங்கே சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தனர். 1882-ல் அந்த இனத்துக்கென்று அரசு ஒதுக்கியது 518 ஏக்கர் மட்டுமே. அதுவும் இவ்வூற்றிலிருந்து வெகு தொலைவில். 1919-ல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. 1928-ல், தோட்டத்தில் எஞ்சியிருந்த கடைசி மனிதரும் வெளியேற்றப்பட்டார். நாம் "கைபடாத" என்று புகழ்ந்த அமைதி, ஆள்களை அகற்றிப் பெற்ற அமைதி! குழந்தைகளிடம் நம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

ஹவசுபாய் மக்கள் ஓயவில்லை. 1975-ல் வேறிடத்தில் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் நிலம் அவர்களுக்கு மீண்டது. பள்ளத்தாக்கின் ஒரு கிளையில் உள்ள அவர்களுடைய சுபாய் கிராமத்துக்குச் சாலை கிடையாது. அஞ்சலும் கோவேறு கழுதை மீதே போகிறது. தோட்டம் மட்டும் திரும்பவில்லை. 'இந்தியர் தோட்டம்' என வழங்கிய அவ்விடத்தின் பெயர் 2022-ல் 'ஹவசுபாய் தோட்டம்' என மாற்றப்பட்டது.

வெயில் தாழ்ந்தது. மக்கள் கூட்டம் ஒளிப்படம் எடுக்க மேற்கு நோக்கி நகர்ந்தது. பாட்டியம்மாள் மட்டும் அசையவில்லை. கீழே நிழல் ஏறி, பச்சை கருமையாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, சரி," என்றார். "தண்ணி இப்ப யாருக்குப் பாயுது, சாமி?"