டெண்டர் எழுதிய கதை

எழுத்தாளர் ஆகவேண்டும் என்று இளமையில் நமக்கு ஓர் ஆசை இருந்தது. ஆசை பலிக்கத்தான் பலித்தது. ஆனால் பகவான் சற்றுக் குறும்பு செய்துவிட்டார். நாம் எழுதியவை கதைகள் அல்ல, டெண்டர்கள்!

சென்ற வாரம் மந்தைவெளியிலிருந்து நம் பழைய சிநேகிதரின் புதல்வி வந்திருந்தாள். பி.காம். தேறியவள். "மாமா! ஒரு கம்பெனியில் டெண்டர் எழுதும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு அழகாக எழுத வராதே?" என்றாள்.

"அதுதான் அம்மா, உன்னுடைய முதல் யோக்கியதை!" என்றோம். அவள் சிரித்தாள். நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

தியாகராயநகரில், பனகல் பூங்காவுக்குச் சமீபத்தில், ஒரு சிறிய கட்டடக் கண்டிராக்டரிடம் நாம் வேலைக்கு அமர்ந்தது 2001-ஆம் வருஷம். முதலாளி அதிகம் படிக்காதவர். சுவரைத் தட்டிப் பார்த்தே பூச்சின் தரத்தைச் சொல்லிவிடுவார். காகிதத்தைக் கண்டால் மட்டும் அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்குத்தான் நமக்குச் சம்பளம்.

சர்க்கார் டெண்டர்கள் ஒளிவுமறைவின்றி நடக்கவேண்டும் என்று 1998-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2000-இல் விதிகள் வந்தன. பெரிய வேலைகளுக்கு இரண்டு உறைகள். முதல் உறையில் தகுதி: செய்து முடித்த வேலைகள், வரவு செலவுக் கணக்கு, முன்வைப்புத் தொகை முதலியன. இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவர்களுக்குத்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். அங்கே குறைந்த விலைக்காரருக்கு வேலை. "அப்படியானால் எழுத்துக்கு என்ன மகிமை?" என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டாவது உறை பிரிபடும் வரையில் உயிரோடிருப்பதே அதன் மகிமை.

2003-இல் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு டெண்டர் போட்டோம். அதற்கு நாம் எழுதிய முகவுரையை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது, அவ்வளவு அழகு! அதை நாலு தடவை படித்து ரசித்தோம். அந்த ரசனையில், விலைப் பட்டியலின் பிரதி ஒன்றை முதல் உறைக்குள் வைத்து அரக்கு முத்திரையும் இட்டுவிட்டோம்.

அதிகாரி உறையைப் பிரித்தார். அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்தார். நம் கட்டை ஓரமாக வைத்துவிட்டார். அவ்வளவுதான். விதி விதிதான், அவர்மேல் குற்றமில்லை.

முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. ஆபீஸ் வாசலில் மேஸ்திரி காத்திருந்தார். "அடுத்த மாசம் வேலை உண்டுங்களா, சாமி?" என்று நம்மைப் பார்த்துத்தான் கேட்டார். அவரை நம்பி முப்பது பேர். நாம் தரையைப் பார்த்தோம்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். தஸ்தாவேஜை மூன்று முறை படி. 'வேண்டும்' என்று வருகிற இடத்தையெல்லாம் பக்க எண்ணோடு தனியே எழுதிக்கொள். ஜெயித்த டெண்டரைவிடத் தோற்ற டெண்டரைக் கேட்டு வாங்கிப் பார். இப்போது உறையும் அரக்கும் போய், கம்ப்யூட்டரும் மின்னணுக் கையொப்பமும் வந்துவிட்டன. கெடு தாண்டினால் கெஞ்சுவதற்கு ஒரு குமாஸ்தாகூடக் கிடையாது. முடியாததை எழுதாதே; வேலை கிடைத்தால் எழுதியதெல்லாம் ஒப்பந்தத்தில் ஏறிவிடும். மயிலாப்பூரிலும் பனகல் பூங்காவிலும் மெட்ரோ ரயிலுக்காகப் பூமியைக் குடைந்தார்களே, அந்த ராட்சச இயந்திரம் மண்ணைத் தொடுமுன், ஊற்று நீரை எப்படித் தடுப்பது, அண்டை வீட்டுச் சுவர் வெடிக்காமல் எப்படிக் காப்பது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் இருக்கவேண்டும்.

காபி குடித்துவிட்டுப் போனாள். நேற்று இரவு பத்து மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. "மாமா! நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு தேதி, நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் வேறு தேதி போட்டிருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?"

"இரண்டையும் எடுத்துக்கொள்ளாதே. நாளைக் காலையிலேயே அவர்களிடம் எழுத்து மூலம் கேள்" என்றோம்.