முழுகாமல் இருப்பவள்

“ரெண்டு மாசமா முழுகாம இருக்கேன்” என்று ஒரு பெண் சொன்னால், தமிழ் வீட்டில் வளர்ந்த மருத்துவர் முகம் மலர்வார். தமிழைப் புதிதாகக் கற்றவர், ஏன் குளிக்கவில்லை என்று கேட்டுவிடக்கூடும்.

புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூன் ராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிராமப்புற சுகாதார மையம் இருக்கிறது. தொண்டமாநத்தம், பிள்ளையார்குப்பம், துத்திப்பட்டு மக்களுக்கும் அதுவே ஆஸ்பத்திரி. ஜிப்மரில் படிக்க நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ராஜஸ்தானிலும் பீகாரிலும் பிறந்தவர்கள் இங்கே “மூச்சை நல்லா இழுங்க”, “நாக்கை நீட்டுங்க” என்று தொடங்குகிறார்கள். 2019இல் வந்த புதிய பாடத்திட்டம், எம்.பி.பி.எஸ். தொடக்கத்திலேயே உள்ளூர் மொழிப் பயிற்சியையும் சேர்த்தது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் கேள்வி கேட்பது எளிது. பதில் புரிவதுதான் கடினம். கட்டி “விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.” நீர் பிரியும்போது “கடுக்குது.” சர்க்கரை நோயாளியின் பாதம் “மதமதன்னு” இருக்கிறது. இந்தச் சொற்களை அறிந்தவருக்கு நோயின் பாதி அடையாளம் அப்போதே கிடைத்துவிடும். “மயக்கமா வருது” என்பது இன்னும் சிக்கலானது. தலை சுற்றினாலும் அதே சொல், நினைவு தப்பினாலும் அதே சொல். “கீழே விழுந்துட்டீங்களா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரியவேண்டும்.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ் கற்று, 1860களில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். நோயாளியின் மொழியைப் படிப்புக்கும் மொழியாக்கிய அந்தப் பெரும் உழைப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

இன்று நிலைமை இன்னொரு பக்கமும் திரும்பியிருக்கிறது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை, கட்டட வேலை என்று வடக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் திணறுவது தமிழ் மருத்துவர். நேற்றுவரை தமிழுக்குத் தடுமாறிய பீகார் மாணவரை அப்போது எல்லோரும் தேடுவார்கள். பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம், அங்குள்ள இன்னொரு பிள்ளையார்குப்பம் ஆகிய ஊர்களின் மருத்துவக் கல்லூரிகளிலும் இப்படிப்பட்டவரின் அருமை புரியும். ஒடியாக்காரருக்கோ இந்தியும் இரவல் மொழிதான். இரவல் மொழியில் வலியைச் சொல்வது அரைகுறையாகத்தான் முடியும்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். கணவனோ மேஸ்திரியோ மொழிபெயர்க்க நிற்கும்போது, வெள்ளைப்படுதலை, வீட்டு அடியை, தள்ளிப்போன நாளை எப்படிச் சொல்வாள்? அவள் ஊரிலும் ‘முழுகாம இருக்கேன்’ போல ஒரு மறைசொல் இருக்கக்கூடும். நர்ஸம்மா அவளைத் தனியே உட்காரவைத்து, அந்தச் சொல்லைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் குறித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைக்கலாம். அடுத்து வருகிறவளிடம் அந்தச் சொல்லிலேயே பேச்சைத் தொடங்கலாம்.