இடம் பார்த்த கூலி

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கேரளத்து வடகராவில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றினுள்ளே அதன் ஊழியர் இருவர் இறந்து கிடந்த செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. பிறகு, கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்து நிபுணர்கள் அந்த வண்டியின் ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்ததில், அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டித் தளத்தின் துவாரம் வழியாக உள்ளே ஏறியது தெரியவந்தது என்ற செய்தி சிறியதாக வந்தது. நிறமும் மணமும் இல்லாத அந்த விஷத்தை உறங்குகிறவன் அறிய மாட்டான். மின்சாரம் உண்டாகும் இடத்துக்கும் மனிதன் படுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு துவாரம் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டு உயிர்களின் விஷயமாகிவிட்டது.

தபால் இலாகாவில் முப்பது வருஷங்களுக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர், பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, அதிலே படுக்கையும் சமையலும் அமைத்துக்கொண்டு மனைவியோடு காசி வரையில் பிரயாணம் செய்ய வேண்டுமென்று நெடுநாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு, ஜெனரேட்டர் வைத்த வண்டியில் ஏற மாட்டேன் என்று அவருடைய மனைவி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். ஆகவே பேட்டரியும் இன்வெர்ட்டரும் என்று முடிவாயிற்று. வேலை முழுவதையும் ஓர் ஏஜெண்ட் ஒப்புக்கொண்டிருந்தார். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கேட்கிற அனுமதிகளையும் தாமே வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மின்சார வேலைக்கு மட்டும் வண்டியைச் சென்னையிலுள்ள பாடிக்கு அனுப்பினார். தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறவன் என்ற முறையில் நண்பர் என்னையும் உடன் அழைத்துப் போனார்.

பாடி, ஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது லூகாஸ் என்றும் பிரிட்டானியா என்றும் கண்டக்டர் குரல் கொடுக்கும் நிறுத்தங்கள். 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமத்துத் தொழிற்சாலைகள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றுள் 1961இல் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ்., மோட்டார் வண்டிக்கு வேண்டிய டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் செய்வதற்கென்றே ஏற்பட்டது. பக்கத்திலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வளர்ந்தது. பெரிய ஆலைகளின் மதில்களுக்கு வெளியே, எம்.டி.எச். ரோட்டிலிருந்து பிரிகிற சந்துகளில், லேத் பட்டறைகளும் காயில் கட்டுகிற கடைகளும் வயரிங் ஷெட்டுகளும் நிறைந்து, மோட்டார் வண்டியின் மின்சார நரம்புகளைப் பற்றிய ஞானம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் புத்தகமில்லாமலே கைமாறுகிற ஸ்தலமாக இந்த ஊர் ஆயிற்று.

நாங்கள் போன ஷெட்டின் மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு பாடிக்கு வந்தவர். பழைய டைனமோக்களுக்குக் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பியைச் சுற்றக் கற்றுக்கொண்டு, பிறகு சினிமா அவுட்டோர் யூனிட்டின் ஜெனரேட்டர் வண்டியோடு பல வருஷங்கள் ஊர் ஊராகச் சுற்றினார். நடிகர்களுக்குக் கேரவன் வந்த காலத்தில் அவற்றின் வயரிங் வேலைக்குத் திரும்பி, இப்போது சொந்தமாக நான்கு பையன்களை வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் மோதிரமில்லை. பையன்கள் கையிலும் மோதிரமோ காப்போ இருக்கக் கூடாதென்பது அந்த ஷெட்டின் சட்டம். காரணத்தை அவருடைய இடது கையின் மோதிர விரலே சொல்லும். இளம் வயதில், பேட்டரியின் பிளஸ் முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவி வண்டியின் இரும்பைத் தொட்டு, நடுவே அகப்பட்ட மோதிரம் ஒரு கணத்தில் பழுத்துச் சதைக்குள் இறங்கிய வடு அங்கே வளையமாக இருக்கிறது.

அந்த ஸ்பேனரை இன்னும் வைத்திருக்கிறார். தாடை மட்டும் தெரியும்படி விட்டு, மீதிப் பிடி முழுவதையும் சைக்கிள் டியூபை நறுக்கி இறுகச் சுற்றியிருக்கிறார். ரப்பர் தேயத் தேயப் புது டியூப் சுற்றிக்கொண்டே வந்ததில் பிடி தடித்துக் கைக்கு நன்றாக அடங்குகிறது. ஷெட்டில் விலையுயர்ந்த கருவிகள் பல உண்டு. கேபிள் முனையில் லக்கை அழுத்திப் பிணைக்கும் ஹைட்ராலிக் கருவிகூட இருக்கிறது. ஆயினும் பேட்டரி முனையைத் தொடுகிற வேலைக்கு அந்தச் சுற்றிய ஸ்பேனரைத் தவிர வேறொன்றை அவர் அனுமதிப்பதில்லை. “பன்னெண்டு வோல்ட்டு ஷாக் அடிக்காது சார், அதனால எல்லாருக்கும் அலட்சியம். ஆனா நெருப்பு வைக்கும்” என்றார்.

வண்டி வந்த நாளில் அவர் துரப்பணக் கருவியைத் தொடவே இல்லை. இன்வெர்ட்டர், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் ஆகியவற்றின் நீள அகல உயரத்தை அளந்து, அதே அளவில் அட்டைப்பெட்டிகள் செய்யச் சொன்னார். பிறகு சாக்பீஸோடு வண்டிக்குள் ஏறி, இன்ன இடம் படுக்கை, இன்ன இடம் அடுப்பு, இன்ன இடம் நடைபாதை என்று தளத்தில் கோடு போட்டு, அட்டைப்பெட்டிகளை அவற்றின்மீது நகர்த்தத் தொடங்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியதைத் தவிரப் பொழுது சாயும் வரையில் இந்த வேலைதான். பார்ப்பவர் இதை வேலை என்று ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகமே. என் அபிப்பிராயத்தில் அந்த வண்டியில் நடந்த பிரதான வேலை அதுதான்.

ஏஜெண்ட் கொடுத்த வரைபடத்தின்படி பேட்டரி முன் இருக்கையின் கீழும், இன்வெர்ட்டர் பின்கோடியில் சமையல் மேடைக்கு அடியிலும் இருக்க வேண்டும். மிக்ஸி அங்கே இருப்பதால் இன்வெர்ட்டரும் அங்கே இருப்பது நியாயமென்று நண்பருக்கும் தோன்றியிருந்தது. மேஸ்திரி தலையை அசைத்தார். “தடியா ஓடுற கம்பி குட்டையா இருக்கணும். மெல்லிசா ஓடுற கம்பி எவ்ளோ தூரம் வேணா போகட்டும்” என்றார். 750 வாட் மிக்ஸி ஒன்று 230 வோல்ட்டில் மூன்றேகால் ஆம்பியர் எடுக்கும். அதைச் சாதாரண வீட்டுக் கம்பி எளிதாகச் சுமந்துவிடும். அதே மிக்ஸிக்காக இன்வெர்ட்டர் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து இழுப்பதோ, நஷ்டத்தையும் சேர்த்து, சுமார் எழுபது ஆம்பியர். வரைபடத்தில் கண்ட 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில், போக நாலரை மீட்டரும் வர நாலரை மீட்டருமாக அந்த எழுபது ஆம்பியர் ஓடினால் வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொலைந்து, ஐம்பது வாட் உஷ்ணமாகக் கேபிள் நெடுகிலும் இறங்கும். மிக்ஸி கிளம்புகிற முதல் நொடியில் இழுப்பு இன்னும் பல மடங்கு. அப்போது வோல்ட் சரிந்து இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். கணக்கைப் பிறகு வீட்டில் போட்டுப் பார்த்தவன் நான். மேஸ்திரிக்குக் கணக்கு கையில் இருக்கிறது. ஓடுகிற கேபிளைப் பிடித்துப் பார்த்தே ஆம்பியரை ஏறக்குறையச் சொல்லிவிடுவார்.

ஆக இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அருகில் இருந்தாக வேண்டும். ஆனால் அதே பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரலாம். சீல் செய்தவற்றில் அது மிகக் குறைவே என்றாலும், அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் அவையும் விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தால் அது பற்றக்கூடியது. இன்வெர்ட்டருக்குள் ரிலே பொறி தட்டும். ஹைட்ரஜன் மேலே ஏறுகிற வாயு; சமையல் கேஸோ காற்றைவிடக் கனமாகத் தரையிலே படிகிற வாயு. ஆகவே பேட்டரிக்கு நேர் மேலேயும் வைக்கலாகாது. சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகவும் வைக்கலாகாது. ஏஜெண்டின் வரைபடத்தில் இன்வெர்ட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைதான் இருந்தது!

வண்டிக்கு அடியில் வெளியே தொங்கவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தச் சந்தில் வரிசையாக வந்து நின்ற வண்டிகளை அவர் நினைவுகூர்ந்தார். தளத்தோடு பதித்த பெட்டிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லையாம். கொரட்டூர் ஏரியின் பக்கத்தில் தொழில் செய்கிறவருக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் போதிக்க வேண்டியதில்லை. எனவே தளத்திலிருந்து நான்கு விரற்கடையாவது உயர்த்த வேண்டும். காற்று வேண்டும்: கொடுத்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு உஷ்ணமாகப் பெட்டியிலேயே தங்கும், மூடிய அலமாரிக்குள் பழைய குண்டு பல்பை இரவெல்லாம் எரியவிட்டது போலத்தான். அதன் விசிறிச் சத்தம் தலையணைக்கு அடியில் கேட்கவும் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலே மனித சுபாவம் என்று ஒன்று இருக்கிறது. “சார், காலி இடம் தெரிஞ்சா அம்மா அதுல பாய் சுருட்டி வெப்பாங்க. ஜாலி அடைச்சுக்கும்” என்றார். நண்பரின் மனைவி சிரித்தார், மறுக்கவில்லை. ஆதலால் காற்றுப் போகிற ஜாலி நடைபாதையைப் பார்த்து இருக்க வேண்டும். அங்கே எதை வைத்தாலும் காலில் இடறும், உடனே எடுத்துவிடுவார்கள்.

இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்ததில், வண்டிக்குள் ஒரே இடம் மிஞ்சியது: இடப்பக்கத்து நீள்பெஞ்சுக்கு அடியில், பின் அச்சுக்குச் சற்று முன்னால். பேட்டரி ஓர் அறையில், அதன் மேல்விளிம்பிலிருந்து வண்டிக்கு வெளியே திறக்கும் குழாய், நடுவே தடுப்பு, அடுத்த அறையில் உயர்த்திய பலகைமேல் இன்வெர்ட்டர். கேபிள் ஒரு மீட்டர். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 150 ஆம்பியர் ஃப்யூஸ். நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கனம் ஒருபக்கமாகச் சாயாதபடி, எதிர்ப்புறத்துக்குப் போயிற்று. சிலிண்டர் பின்கோடியில், அடிப்புறம் வெளியே திறந்த தனிப் பெட்டியில். கதவருகே இன்வெர்ட்டருக்கு ஒரு ஸ்விட்ச். படுக்குமுன் பெஞ்சைத் திறக்காமலே அணைத்துவிடலாம். சோலார் பலகையையும் எஞ்சினிலிருந்து ஏறும் சார்ஜையும் இணைத்த வேலை இரண்டு நாள் நடந்தது. வெகு நேர்த்தியானதென்று பையன்கள் சொன்னார்கள். அதை வர்ணிப்பது இங்கே அவசியமில்லை.

கேபிள் வந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஏஜெண்ட் செம்புக் கேபிள் என்று அனுப்பியிருந்த சுருளின் முனையை மேஸ்திரி பிளேடால் சுரண்டினார். செம்பு நிறம் மேல்தோலோடு போய், உள்ளே அலுமினியம் வெளுத்துத் தெரிந்தது. நண்பரிடம் செம்பின் விலை வாங்கியாயிற்று. தீப்பிடித்தால் வெந்து சாகப்போகிறவர்கள் யாரோ, லாபம் இவருக்கு! மேஸ்திரிக்கு ஏஜெண்ட் கொடுக்கும் கூலியும் பாயிண்ட் கணக்கு. விளக்குக்கு ஒரு பாயிண்ட், பிளக்குக்கு ஒரு பாயிண்ட், ஃபேனுக்கு ஒரு பாயிண்ட். ஹைட்ரஜன் போகும் குழாய் எந்தப் பாயிண்ட்டிலும் சேராது, ஃப்யூஸ் சேராது, அட்டைப்பெட்டிகளை நகர்த்திய ஒரு முழு நாள் நிச்சயமாகச் சேராது. விளக்குகளை அதிகம் வைக்கிறவனுக்குக் கூலி அதிகம். உயிரைக் காப்பாற்றுகிற இடத்தைக் கண்டுபிடிக்கிறவனுக்குச் சூனியம். இப்படி ஒரு கணக்கை ஏற்படுத்தி வைத்துவிட்டு, நம் நாட்டுத் தொழிலாளிக்கு ஜாக்கிரதை போதவில்லை என்று குறைசொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஜாக்கிரதையாக இருப்பவன் தன் கைக்காசைப் போட்டு இருக்கிறான். வண்டியின் சொந்தக்காரனையும் வேலை செய்கிறவனையும் ஒருவரை ஒருவர் பார்க்கவிடாமல் நடுவிலே நிற்பதுதான் தரகரின் மூலதனம். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. நம் பக்கத்திலும் இந்த வண்டிகள் பெருகத்தான் போகின்றன. கூண்டு கட்டுகிறவர்களுக்கும் விற்பவர்களுக்கும் சலுகை கேட்கிற குரல்கள் நிறைய எழும். மின்சாரம் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானித்தவன் பெயரை வண்டியின் பத்திரத்தில் எழுத வேண்டுமென்றும், அந்தத் தீர்மானத்துக்குத் தனிக் கூலி வேண்டுமென்றும் கேட்கிற குரல் ஒன்றும் எழ வேண்டும்.

நண்பர் அலுமினியச் சுருளைத் திருப்பி அனுப்பிவிட்டு, 35 சதுர மில்லிமீட்டர் அசல் செம்புக் கேபிளைத் தாமே வாங்கி வந்தார். வேலை முடிந்த அன்று அவருடைய மனைவி மிக்ஸியில் தேங்காய்ச் சட்டினி அரைத்தார். பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்ததில், இரண்டுக்கும் வித்தியாசம் பத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. மேஸ்திரி கேபிளைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் உட்புறத்தில் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று படம் போட்டார். நாக்பூரில் வண்டி நின்றால் அங்கத்து மெக்கானிக்குக்கும் புரிய வேண்டுமென்று, பெயர்களை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அது பெஞ்சுக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டது.

பில்லைப் பற்றி ஏஜெண்டோடு டெலிபோனில் நெடுநேரம் தர்க்கம் நடந்தது. ஃப்யூஸுக்கும் குழாய்க்கும் அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார், மற்றதற்கு இல்லை. நண்பர் தனியாக ஒரு தாளில் ‘இடம் பார்த்த கூலி’ என்று எழுதி, அதன் கீழே தொகையைப் போட்டு, மேஸ்திரியிடம் பணத்தோடு கொடுத்தார். அவர் அதை வாங்கி, தடுப்பும் ஜாலியும் வெட்டிக் கொடுத்த பக்கத்து ஷெட் டிங்கருக்கு ஒரு பங்கைப் பிரித்து அனுப்பிவிட்டு, மீதியை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.