மேகசின் மேல் விழும் பழி

ஏற்காட்டிலிருந்து எந்த ரைபிள் இறங்கி வந்தாலும் கூடவே ஒரு தீர்ப்பும் இறங்கி வரும். "மேகசின் போயிடுச்சுண்ணே, புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க." நான் சேலத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்யவும் விற்கவும் மட்டுமல்ல, பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். பட்டறையைத் தூக்கிக்கொண்டு நான் மலையேற முடியாது. துப்பாக்கிதான் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்தாக வேண்டும். வந்ததும் லைசென்ஸில் உள்ள எண்ணையும் ரைபிளில் பொறித்த எண்ணையும் ஒத்துப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவேன். கொண்டுவந்தவர் சொன்ன தீர்ப்பை மட்டும் ஏற்ற மாட்டேன். என் கணக்கில் மேகசின் மேல் விழும் பழியில் பெரும்பகுதி வீண்பழி.

காபித் தோட்டங்களிலிருந்து என்னிடம் வருவது பெரும்பாலும் .315 ரைபிள். இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் சரக்கு. உடம்பு, பட்டாளத்துக்காரர்களின் லீ-என்ஃபீல்டு. தோட்டாவோ ஆஸ்திரியாவில் 1890 வாக்கில் வந்த எட்டு மில்லிமீட்டர் மான்லிக்கர். பட்டாளத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்ததால் வந்த ஏற்பாடு இது. அசல் மான்லிக்கர் ரைபிளில் ஐந்து தோட்டாவையும் ஒரு தகரக் கிளிப்பில் கோத்து, கிளிப்போடு உள்ளே தள்ளுவார்கள். எந்தத் தோட்டா எதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்ற கவலை சுடுகிறவனுக்கு இல்லை. லீ ரைபிளின் மேகசின் பெட்டியில் அந்தப் பொறுப்பு நம் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. ரைபிளோடு இந்தச் செய்தி கைமாறுவதில்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு லைசென்ஸ் மாறும், துப்பாக்கி மாறும், இது மாறாது.

இந்தத் தோட்டாவின் அடியில் ஆணித்தலை மாதிரி வெளியே துருத்திய விளிம்பு இருக்கிறது. ரிம் என்போம். மேலே உள்ள தோட்டாவின் ரிம், கீழே உள்ளதன் ரிம்முக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால் போச்சு. போல்ட், மேல் தோட்டாவைத் தள்ள, அது கீழ்த் தோட்டாவைக் கொக்கி போட்டு இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். காட்டுப்பன்றி வந்துவிட்ட நேரத்தில் யார் நிதானமாகப் பார்ப்பார்கள்? உள்ளங்கையால் போல்டைக் குத்துவார்கள். அந்தக் குத்தில் பெட்டியின் வாயில், தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு உதடுகளும் விரிந்துபோகும். இப்படித்தான் இல்லாத குறை இருக்கிற குறையாகிறது. போடும்போது ஒவ்வொரு தோட்டாவையும் சற்று முன்தள்ளி வைத்து, அழுத்தியபடியே பின்னுக்குக் கொண்டுவந்து கீழ் ரிம்மின் முன்முகத்தில் தொட்டு நிற்கும்படி விட்டால் போதும். பழகிவிட்டால் கண்ணே வேண்டாம்.

இன்னொரு நோய் ஏற்காட்டுக்கே உரியது. மலையில் பன்றியை விரட்டப் போனால் போல்ட் தோட்டாவை எடுக்காமல் அதன் தலைக்கு மேலேயே ஓடி, காலி சேம்பரில் போய் மூடிக்கொள்ளும். கீழே கொண்டுவந்து என் மேசையில் வைத்தால் ஒழுங்காக ஊட்டும். "நேத்து ராத்திரி சத்தியமா எடுக்கலண்ணே" என்று உரிமையாளர் தலையைச் சொறிவார். பெட்டியைக் கழற்றி முகர்ந்தால் காரணம் தெரிந்துவிடும்: தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். 1,500 மீட்டர் உயரத்து ஊரில், மார்கழியில், தலைக்குத் தேய்க்கிற எண்ணெயையே வெயிலில் வைத்து இளக்க வேண்டியிருக்கும்போது, ஸ்பிரிங் மடிப்புகளுக்குள் இருக்கும் எண்ணெயைக் கேட்கவா வேண்டும்? தோட்டாவைத் தாங்கும் தட்டு சோம்பேறித்தனமாக மேலே வரும். போல்ட் அதற்காகக் காத்திருக்காது. சேலத்து வெயிலில் எல்லாம் இளகி நோய் தானே மறைந்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் அலசி, துடைத்துக் காயவைத்து, துப்பாக்கி எண்ணெயை விரலில் தொட்டுத் தடவினால் வேலை முடிந்தது. இதற்குக் கூலி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுவேன்.

தேர்தல் முடிந்த பிறகு எங்களுக்குச் சீசன். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். மாதக் கணக்கில் கிடந்து திரும்பும்போது பெட்டிக்குள் துரு பிடித்திருக்கும். தோட்டாவும் சளைத்ததல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சு அடங்கிவிட்டது, 'கே.எஃப்' முத்திரையிட்ட கட்கி தொழிற்சாலைத் தோட்டாக்கள் வருஷக் கணக்கில் தோல் பையில் கிடந்து களிம்பேறிவிடும். களிம்பேறிய பித்தளை உதட்டில் ஒட்டி நின்றாலும் பழி மேகசினுக்குத்தான்.

இதெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் நான் பெட்டியைச் சந்தேகப்படுவேன். சோதனைக்கு உயிருள்ள தோட்டாவைத் தொடுவதில்லை. மருந்தும் கேப்பும் இல்லாத, பக்கவாட்டில் துளையிட்ட டம்மி வைத்திருக்கிறேன். அதன் மேல் கறுப்பு மார்க்கரைப் பூசி மெதுவாக ஊட்டுவேன். கறுப்பு உரிந்த இடம் கதை சொல்லும். கூட்டின் முதுகில் நீளக் கோடு விழுந்தால் போல்ட் மேலேறி ஓடியிருக்கிறது: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பெட்டியைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்து பெட்டியே தாழ்ந்து நிற்கும். மூக்கு பெட்டியின் முன்சுவரில் முட்டியிருந்தால் தட்டு முன்பக்கம் தொங்குகிறது. சேம்பர் வாய்க்கு மேலே இடித்திருந்தால் உதடு விரிந்து தோட்டாவைச் சீக்கிரமே விட்டுவிடுகிறது.

உதட்டைத் திருத்துவதுதான் கடைசி வேலை. குறட்டால் பிடித்து வளைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பெட்டிக்குள் பித்தளைக் கட்டை ஒன்றைச் செருகி, வெளியிலிருந்து சிறு சுத்தியலால் ஒரு தட்டு. உடனே டம்மியை ஊட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளைந்துவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் உதட்டின் பின்மூலையில் மயிரிழை விரிசல் ஓடும். அதோடு அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்தது.

"வேற பெட்டி மாட்டிடலாமே" என்பார்கள். கழற்ற முடிவதால் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. லீ ரைபிளின் பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்தந்தத் துப்பாக்கியோடு ஒத்துப் பார்த்துப் பொருத்தப்பட்டது. ஆரம்பகால ராணுவ ரைபிள்களில் பெட்டி தொலையாமலிருக்க அதைச் சங்கிலியால் உடம்போடு பிணைத்தே வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு .303 பெட்டியைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களும் உண்டு. அது தடைசெய்யப்பட்ட ரகத்தின் பாகம், ரிம் அளவும் வேறு. திருப்பி அனுப்பிவிடுவேன்.

பெட்டி தேறாது என்றாகிவிட்டால் உரிமையாளரிடம் நேராகச் சொல்வது ஒன்றே: ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுக்கொள்ளுங்கள். முகம் வாடும். லீ-என்ஃபீல்டு வந்த காலத்தில் பட்டாளமே அப்படித்தான் சுட்டது என்பதையும் சொல்வேன். பெட்டியின் வாயை மூட ஒரு தகடு வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டு, பெட்டியில் உள்ளதை அவசரத்துக்கு ஒதுக்கி வைத்தார்கள். அந்தத் தகட்டை விட்டுவிட்டு ரைபிள் செய்யத் தொடங்கியது முதல் உலகப்போரின் நடுவில்தான். பன்றியை விரட்ட ஒரு வெடிச்சத்தம் போதும் என்கிற தோட்டக்காரர்கள் சரி என்று தலையாட்டி வாங்கிப்போகிறார்கள்; மற்றவர்கள் இன்னொரு பட்டறை விசாரிக்கிறார்கள்.